சொந்தமாக ஓர் ஓவர்டிரைவ் பெடல்: பேஸை எங்கே வெட்டுவது, எங்கே திருப்பித் தருவது?

தகரப்பெட்டி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த இரண்டு ஆண்டுகளில் வெரோபோர்டில் (செப்புப் பட்டைகள் கொண்ட துளைப்பலகையில்) மூன்று ஓவர்டிரைவ் பெடல்களை, அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் கால்பெட்டிகளை, கட்டியிருக்கிறேன். முதல் இரண்டும் டியூப் ஸ்கிரீமர் டிஎஸ்808இன் நகல்கள். மூன்றாவது பாஸ் எஸ்டி-1இன் நகல். மூன்றும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் வேறொருவர் கோலமிட்ட புள்ளிகளின் மேல் மாவை இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் விடவில்லை. அடுத்ததை என் காதுக்கும் என் கிட்டாருக்கும் ஏற்ப நானே வடிவமைக்க விரும்புகிறேன்.

எனக்கு வேண்டியது என்னவென்று ஓரளவு தெளிவாகவே தெரியும். டியூப் ஸ்கிரீமரின் நடுப்பகுதி மேடு எனக்குத் தேவையில்லை. முழுக் கார்டுகளை வாசிக்கும்போது கீழ்த்தந்திகளின் கனம் குறையக் கூடாது. அதே நேரத்தில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கிட்டாரின் வால்யூமைப் பாதிக்குக் குறைத்தால் ஒலி கிளீனாக மாற வேண்டும். கிட்டாரில் மூன்று சிங்கிள் காயில் பிக்கப்கள் உள்ளன. ஆம்ப் 20 வாட் டிரான்சிஸ்டர் வகை, எப்போதும் கிளீன் சேனலில்தான் வாசிக்கிறேன்.

இதுவரை செய்து பார்த்தவை இரண்டு. ஜேஆர்சி4558, டிஎல்072, என்இ5532 ஆகிய மூன்று ஆப்-ஆம்ப்களையும் (ஒலியைப் பெருக்கும் சிப்களையும்) சாக்கெட்டில் மாற்றிப் போட்டு, எது எதுவென்று எனக்குத் தெரியாதபடி நண்பர் ஒருவரை மாற்றச் சொல்லிக் கேட்டேன். பத்து முறை முயன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அடுத்து, பேஸ் குறைவதற்குக் காரணம் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்தான் என்று படித்துவிட்டு, அதை எடுத்துவிட்டு 0.47 போட்டேன். பேஸ் வந்தது, ஆனால் ஜி கார்டை வாசித்தால் கூழ் கொதிப்பதைப் போல ஒரே குழப்பமாகக் கேட்கிறது. பேஸும் வேண்டும், தெளிவும் வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ஈயப்புகை பதிலளித்தது:

நண்பரே, உங்கள் கண்கட்டுச் சோதனையிலிருந்தே தொடங்குகிறேன். பலரும் ஆண்டுக்கணக்கில் சுற்றிவரும் இடத்தை அந்தச் சோதனை ஒரே மாலையில் உங்களுக்குக் கடக்க வைத்துவிட்டது. டியூப் ஸ்கிரீமரில் அலையின் முகடுகளை வெட்டும் டயோடுகள் ஆப்-ஆம்பின் பின்னூட்டப் பாதையில், அதாவது வெளியீட்டை உள்ளீட்டுக்குத் திருப்பும் வழியில், இருக்கின்றன. அவை சுமார் 0.6 வோல்ட்டிலேயே கடத்தத் தொடங்கிவிடுவதால், ஆப்-ஆம்பின் வெளியீடு 9 வோல்ட் மின்வழங்கியின் எல்லைகளை நெருங்குவதே இல்லை. எல்லைக்குத் தள்ளப்படாத ஆப்-ஆம்ப் தன் குணத்தைக் காட்டுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு ஒரு வோல்ட் என்ற 4558இன் வேகமே அங்கு தாராளமாகப் போதும். புரோகோ ராட் போன்ற பெடலில் நிலைமை வேறு. அதன் பழைய பதிப்புகளில் இருந்த எல்எம்308 ஆப்-ஆம்ப் 4558ஐவிட மூன்று மடங்குக்கு மேல் மந்தமானது, கெயினும் (பெருக்கும் மடங்கும்) மிக அதிகம், ஆகவே அந்த மந்தம் ஒலியின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. உங்கள் வடிவமைப்பில் 4558ஐயே வைத்துக்கொண்டு, சிப்பைப் பற்றிய சிந்தனையை இத்துடன் முடித்துவிடுங்கள்.

இனி கூழுக்கு வருவோம். அலையின் முகடுகளை வெட்டும் எந்தச் சுற்றும், இரண்டு சுரங்கள் ஒன்றாக நுழைந்தால், அவை இரண்டிலும் இல்லாத புதிய அதிர்வெண்களை உருவாக்கும். ஜி கார்டின் அடியில் இருக்கும் இரண்டு சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆறாம் தந்தியில் ஜி, 98 ஹெர்ட்ஸ், ஐந்தாம் தந்தியில் பி, 123.5 ஹெர்ட்ஸ். இரண்டாவதை இரட்டித்து முதலாவதைக் கழித்தால் 149 ஹெர்ட்ஸ் கிடைக்கும். முகடுகளை வெட்டும் கிளிப்பிங் இதைத் தவறாமல் உருவாக்கும். அதே கார்டில் திறந்த நான்காம் தந்தி 146.8 ஹெர்ட்ஸில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் உரசி, நொடிக்கு இரண்டு முறை அலையடிக்கும். நீங்கள் கேட்ட கொதிப்பு இதுவும் இதைப் போன்ற இன்னும் பல உரசல்களும்தான். இரண்டே சுரங்கள் கொண்ட பவர் கார்டில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணமும் இதே கணக்கில் உள்ளது: 82.4 ஹெர்ட்ஸ் ஈயும் 123.5 ஹெர்ட்ஸ் பியும் சேர்ந்தால் பிறப்பது 41 ஹெர்ட்ஸ். அது ஈயின் கீழ் ஸ்தாயியே என்பதால் காது அதை உறவாக ஏற்றுக்கொள்கிறது.

ஆகவே கீழ்ச்சுரங்களை வெட்டும் இடத்துக்குப் பெருக்காமல் அனுப்ப வேண்டும். டிஎஸ்808இல் 4.7 கிலோஓமும் 0.047 மைக்ரோஃபாரடும் செய்வது இதைத்தான். அவை இரண்டும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸில் கோடு கிழிக்கின்றன; அதற்குக் கீழே போகப் போகக் கெயின் குறையும். டிரைவ் திருகு முழுமையாக இருக்கும்போது மேற்சுரங்களுக்குக் கெயின் சுமார் 118 மடங்கு. திறந்த ஆறாம் தந்தியின் 82 ஹெர்ட்ஸுக்கோ சுமார் 13 மடங்குதான். நீங்கள் 0.47 போட்டபோது அந்தக் கோடு 72 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது, எல்லாத் தந்திகளும் ஒரே அளவுக்குப் பெருகிப் போய் டயோடுகளில் மோதின.

பலர் கவனிக்காமல் விடும் இடம் அடுத்தது. அந்தப் பெடலில் கிளிப்பிங்குக்குப் பிறகு, 1 கிலோஓமும் 0.22 மைக்ரோஃபாரடும் கொண்ட இன்னொரு வடிகட்டி 723 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைக் குறைக்கிறது. முன்னால் 720க்குக் கீழே அடக்கி, பின்னால் 723க்கு மேலே அடக்கினால் நடுவில் ஒரு மேடு எழும்புவது இயல்பு. உங்களுக்குப் பிடிக்காத மேட்டின் பிறப்பிடம் டயோடும் இல்லை, சிப்பும் இல்லை. இந்த இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் சந்திப்பதுதான். உங்கள் பெடல் உங்களுடையதாக வேண்டுமென்றால் இந்தக் கோடுகளைத்தான் நகர்த்த வேண்டும்.

என் பரிந்துரை இது. முன்கோட்டை 0.1 மைக்ரோஃபாரடால் சுமார் 340 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். 0.22 போட்டால் அது 154 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். கிளீன் ஆம்பில் அது மறுபடியும் கூழாகலாம் என்பது என் அனுபவம். கிளிப்பிங்குக்குப் பிறகு, ஒரே உறையில் இரண்டு ஆப்-ஆம்ப்கள் கொண்ட 4558இன் மிச்சமிருக்கும் பாதியை இன்வெர்ட்டிங் (அலையைத் தலைகீழாக்கும்) முறையில் அமைத்து பேஸைத் திருப்பிக் கொடுங்கள்: உள்ளீட்டில் 10 கிலோஓம், பின்னூட்டத்தில் ஒரு 10 கிலோஓமும், அதனுடன் தொடராக, 0.1 மைக்ரோஃபாரடை இணையாகக் கொண்ட இன்னொரு 10 கிலோஓமும். இது 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறத்தாழ இரட்டிப்பாக்கும், 318க்கு மேலே இருந்ததை அப்படியே விட்டுவிடும். முன்னால் குறைத்த பேஸ் எப்படித் திரும்பும் என்ற சந்தேகம் எழலாம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இங்கே சட்டியில் இருக்கிறது. முதல் பகுதியில் இருக்கும் நான்-இன்வெர்ட்டிங் (அலையைத் தலைகீழாக்காத) பெருக்கியின் கெயின் ஒருபோதும் 1க்குக் கீழே போகாது. ஆகவே கிட்டாரின் மூல ஒலி, வெட்டப்பட்ட ஒலியின் அடியில் எப்போதும் கலந்தே வெளியே வருகிறது. தந்திகள் தனித்தனியாகக் கேட்பதற்கு அந்தக் கலப்பும் ஒரு காரணம்.

வால்யூமைக் குறைத்தால் கிளீனாக வேண்டும் என்பது தனிக்கணக்கு. டிரைவை முழுக்கக் குறைத்தாலும் டிஎஸ்808இல் 51 கிலோஓம் மிஞ்சியிருப்பதால் கெயின் சுமார் 12 மடங்கு இருக்கும். 0.6 வோல்ட்டைப் 12ஆல் வகுத்தால் 50 மில்லிவோல்ட். ஒரு சிங்கிள் காயில் பிக்கப் சாதாரணமாகவே அதைத் தாண்டும், பிறகு எங்கே கிளீனாவது? 51 கிலோஓமை 10 ஆக்கி, டிரைவ் திருகான 500 கிலோஓம் பாட்டை (மாறு மின்தடையை) 250 ஆக்கினால், கெயின் 3 முதல் 56 மடங்கு வரை இருக்கும். சிலிக்கான் டயோடுகளுக்குப் பதிலாக 1.7 வோல்ட் அளவில் கடத்தும் சிவப்பு எல்இடிகளையும் முயன்று பாருங்கள். பாட்டின் குறுக்கே உள்ள 51 பிக்கோஃபாரடை 100 ஆக்க மறக்க வேண்டாம். மின்தடை பாதியாகும்போது இதை இரட்டித்தால்தான் மேல் எல்லை 6 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் நிற்கும்.

எஸ்டி-1இல் இருப்பதைப் போல ஒரு பக்கம் இரண்டு டயோடுகளும் மறுபக்கம் ஒன்றும் வைக்கும் சமச்சீரற்ற கிளிப்பிங்கைப் பற்றி ஒரு சொல். அது இரட்டைப்படை ஒத்திசைகளைத் தரும் என்பது உண்மை. ஆனால் அதே காரணத்தால், இரண்டு சுரங்களின் கூட்டலும் கழித்தலும் ஆகிய அதிர்வெண்களையும் கூடுதலாக உருவாக்கும். ஒற்றைச் சுரத்தில் இனிக்கும் அது முழுக் கார்டில் இன்னொரு கரண்டி கூழ். உங்கள் தேவைக்குச் சமச்சீரே நல்லது என்று கருதுகிறேன்.

ஏழாம்ஃப்ரெட் பதிலளித்தது:

மேலே சொல்லப்பட்ட கணக்குகளில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் வாசிப்பவன் என்ற முறையில், பிரெட்போர்டின் (ஈயம் வைக்காமல் சுற்றைச் சோதிக்கும் பலகையின்) முன் உட்காருவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

முதலாவது, பெடல் எந்த ஆம்புக்கு முன்னால் இருக்கப் போகிறது என்பது. 1970களின் இறுதியில் ஜப்பானின் மாக்சன் நிறுவனத்தில் சுசுமு தமுரா வடிவமைத்த டியூப் ஸ்கிரீமர், பேஸை அவ்வளவு கடுமையாக அடக்குவதைக் குறையாகச் சொல்பவர்கள், அது பெரும்பாலும் ஏற்கெனவே கொதிநிலையில் இருக்கும் வால்வு ஆம்பின் முன்னால் வைக்கப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். வால்வு ஆம்ப் தானாகவே வெட்டத் தொடங்கியிருக்கும்போது அதற்குள் அதிக பேஸை அனுப்பினால், ஈயப்புகை விளக்கிய அதே கொதிப்பு ஆம்புக்குள் நடக்கும். அமெரிக்க புளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் டியூப் ஸ்கிரீமரை ஃபெண்டர் ஆம்ப்களின் முன்னால் வைத்து வாசித்தபோது, அந்த ஆம்ப்களே கனத்தைக் கொடுத்தன; பெடல் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உங்களுடையது கிளீன் டிரான்சிஸ்டர் ஆம்ப் என்பதால் பேஸைத் திருப்பிக் கொடுக்கும் பகுதி உங்களுக்குப் பொருந்தும். நாளை அதே பெடலை நண்பரின் வால்வு ஆம்பில் செருகினால் அது இரைச்சலாகக் கேட்கலாம். அந்தப் பகுதியை ஒரு சிறிய சுவிட்சால் விலக்கிவைக்க வழி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, எந்த ஒலியளவில் தீர்மானிக்கிறீர்கள் என்பது. வீட்டில் இரவு பத்து மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு அஞ்சி மெல்லிய ஒலியில் வடிவமைத்த பெடல் மேடையில் ஏறக்குறைய எப்போதும் பேஸ் மிகுந்தே கேட்கும். குறைந்த ஒலியில் மனிதக் காது கீழ் அதிர்வெண்களைக் குறைவாகவே உணர்கிறது என்பதை ஃபிளெச்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். எந்தக் கெப்பாசிட்டரையும் இறுதியாக்குவதற்கு முன், டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் உடன் ஒலிக்கும் ஒத்திகையில் ஒருமுறையாவது கேட்டுவிடுங்கள். தனியாக வாசிக்கும்போது கம்பீரமாகத் தோன்றிய பேஸ், பேஸ் கிட்டாருடன் மோதும் இடத்தை அப்போதுதான் கண்டுபிடிப்பீர்கள்.

எல்இடி டயோடுகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 0.6 வோல்ட்டுக்குப் பதிலாக 1.7 வோல்ட் என்றால் வெளியீடு சுமார் 9 டெசிபெல் உயரும். சத்தம் கூடுதலாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே தோன்றும். எல்இடி ஒலி திறந்த வெளியைப் போல இருக்கிறது என்று எழுதுபவர்களில் எத்தனை பேர் லெவலைச் சமன்செய்துவிட்டு ஒப்பிட்டார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

பழையரேடியோ பதிலளித்தது:

வடிவமைப்பைப் பற்றிப் பெரியவர்கள் இருவரும் சொல்லிவிட்டார்கள். நான் மின்சாரத்தையும் டயோடையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெடல் உலகின் 9 வோல்ட் அடாப்டர்களில் நடுமுனை எதிர்மின். கடைகளில் கிடைக்கும் பொதுவான அடாப்டர்கள் பலவற்றில் நடுமுனை நேர்மின். என் இரண்டாவது பெடலுக்கு சென்னை ரிட்சி தெருவில் ஓர் அடாப்டரை வாங்கி வந்து, முனையைப் பார்க்காமல் செருகியதில், ஒரு நிமிடத்துக்குள் ஆப்-ஆம்பின் மேல் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சூடேறிவிட்டது. கடைக்காரர் மேல் பிழையில்லை, அடாப்டரின் மேல் படமே போட்டிருந்தது. அன்றிலிருந்து மின்வழி தொடங்கும் இடத்தில் ஒரு 1என்5817 டயோடைத் தொடராகப் போட்டுவிடுகிறேன். அதனால் இழப்பது சுமார் 0.3 வோல்ட் மட்டுமே. அதன் பிறகு 100 ஓமும் 100 மைக்ரோஃபாரடும் வைத்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைச் சீராக்கும் மலிவான அடாப்டர்கள் எழுப்பும் 100 ஹெர்ட்ஸ் முனகல் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும். பெடல் இயங்குவதைக் காட்டும் எல்இடிக்கு மட்டும் இந்த மின்தடைக்கு முன்பே மின்சாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மானியம் டயோடு என்ற ஆசை எல்லோருக்கும் ஒருநாள் வரும். பில் ஃபினிகன் 1994 முதல் கட்டி விற்ற கிளான் சென்டார் ஓவர்டிரைவ் பெடலில் அது இருந்தது என்பதும், அவர் சுற்றை எப்பாக்சி ஊற்றி மறைத்தார் என்பதும் அந்த ஆசைக்கு எண்ணெய் வார்த்துவிட்டன. இணையத்தில் 1என்34ஏ என்ற ஜெர்மானியம் டயோடு என்று விற்கப்படுபவற்றில் ஷாட்கி டயோடுகளும் கலந்துவருகின்றன. மல்டிமீட்டரின் டயோடு அளவீட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே காட்டும் என்பதால் அதை நம்ப வேண்டாம். கண்ணாடி உடலுக்குள் மெல்லிய கம்பி வளைந்து ஒரு புள்ளியில் தொட்டு நிற்பதை லென்ஸால் பார்க்க முடிந்தால் அது புள்ளித்தொடர்பு ஜெர்மானியம். நம் ஊரில் காசு கொடுத்து ஏமாறத் தேவையே இல்லை. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்தால், ஒலியைப் பிரித்தெடுக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு ஜெர்மானியம் டயோடு இருக்கும். கூடவே பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஏசி128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் கிடைத்தால் அவற்றை ஃபஸ் பெடலுக்காகப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் தகரப்பெட்டிக்கு வேண்டிய ஒலிக்கு ஜெர்மானியம் எதிர்த்திசை. அது 0.3 வோல்ட்டிலேயே வெட்டத் தொடங்கும். கிளீனாக இருக்க வேண்டும் என்பவருக்கு அது எதற்கு?

தகரப்பெட்டி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வார இறுதிகளில் பிரெட்போர்டில் எல்லாவற்றையும் அமைத்துவிட்டேன். 0.1 மைக்ரோஃபாரட், 10 கிலோஓமுடன் 250 கிலோஓம் பாட், இரண்டு சிவப்பு எல்இடிகள், பிறகு பேஸைத் திருப்பித் தரும் பகுதி. ஜி கார்டில் கொதிப்பு அடங்கிவிட்டது. கிட்டார் வால்யூமை 5க்கு இறக்கினால் நான் எதிர்பார்த்தபடியே கிளீனாகிறது. ஒத்திகைக்கும் எடுத்துச் சென்றேன். ஏழாம்ஃப்ரெட் சொன்னது உண்மைதான்: வீட்டில் எனக்குப் போதவில்லை என்று தோன்றிய பேஸ் அங்கே போதுமானதாக இருந்தது.

இரண்டு குறைகள் மிஞ்சியிருக்கின்றன. டிரைவை முக்கால் அளவுக்கு மேல் வைத்து ஆறாம் தந்தியைப் பலமாக அடித்தால், ஓவர்டிரைவ் ஒலியின் மேல் தகரத்தைக் கீறுவதைப் போன்ற வேறொரு கரகரப்பு கேட்கிறது. மற்ற தந்திகளில் அது இல்லை. எல்இடிகளை எடுத்துவிட்டுச் சிலிக்கான் டயோடுகளைப் போட்டால் மறைந்துவிடுகிறது. இன்னொன்று, கால்சுவிட்சை அழுத்தும்போது ஆம்பில் பட்டென்று ஒரு சத்தம் வருகிறது.

ஈயப்புகை பதிலளித்தது:

கரகரப்புக்குப் பொறுப்பு என்னுடையது. பேஸைத் திருப்பித் தரும் பகுதியின் மதிப்புகளைச் சிலிக்கான் டயோடுகளை மனத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு, அதே மூச்சில் எல்இடிகளையும் பரிந்துரைத்துவிட்டேன். எல்இடி ஒலியலையை 1.7 வோல்ட்டில் வெட்டுகிறது. அந்தப் பகுதி கீழ்ச்சுரங்களை இரட்டிக்கும்போது அது 3.4 வோல்ட் ஆகிறது, மூல ஒலியின் கலப்பும் அதன் மேல் சேர்கிறது. 9 வோல்ட்டில் இயங்கும் 4558 மின்வழங்கியின் இரு முனைகளிலும் சுமார் ஒன்றரை வோல்ட்டை விட்டுவிடும் என்பதால், நடுவிலிருந்து 3 வோல்ட்டுக்கு மேல் அதனால் ஆட முடியாது. ஆகவே ஆறாம் தந்தியில் மட்டும் ஆப்-ஆம்ப் தானே வெட்டத் தொடங்கிவிடுகிறது. டயோடு மெல்ல வளைத்து வெட்டும், ஆப்-ஆம்ப் கத்தியால் வெட்டும்; நீங்கள் கேட்டது அந்தக் கத்தியைத்தான். இரண்டாம் பகுதியின் உள்ளீட்டில் உள்ள 10 கிலோஓமை 22 ஆக்குங்கள். கீழ்ச்சுரங்களுக்குக் கெயின் 0.9 ஆகவும் மற்றவற்றுக்கு 0.45 ஆகவும் இறங்கும். பேஸின் விகிதம் மாறாது. எல்இடியால் கூடிய 9 டெசிபெல்லில் ஏறக்குறைய 7 திரும்பிப் போகும், உங்கள் லெவல் பாட்டும் முதல் கால் பகுதியிலேயே முடிந்துவிடாமல் இருக்கும்.

சுவிட்ச் சத்தத்துக்குக் காரணம், பெடல் விலகியிருக்கும்போது உள்ளீட்டுக் கெப்பாசிட்டரின் வெளிமுனை எதனுடனும் இணையாமல் மிதந்துகொண்டு மெல்ல மின்னேற்றம் பெறுவது. அந்த முனையிலிருந்து தரைக்கு ஒரு 1 மெகாஓம் போடுங்கள். வெளியீட்டுப் பக்கம் லெவல் பாட்டுக்கு முன்னால் கெப்பாசிட்டர் இருந்தால் அங்கே பாட்டே அந்த வேலையைச் செய்துவிடும். பாட்டுக்குப் பின்னால் இருந்தால் அங்கும் ஒரு 1 மெகாஓம் வேண்டும்.